தஞ்சோங் ரம்புத்தான்: உளநலத் தாதிமை

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் தொடங்கிய மனநோய் காப்பகமே இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஊர்ப்பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கிக் கேலி பேசும் வழக்கம் மலேசியாவில் இன்றும் உண்டு. சிகிச்சைக்கு வரத் தயங்குவோரைத்தான் அது வதைக்கிறது.

இத்தகையோரைக் கவனிக்கும் உளநலத் தாதிமையில் முதன்மைக் கருவி தாதியரும் நோயாளியும் கொள்ளும் உறவு. 1952-இல் தாதிமைக் கோட்பாட்டாளர் ஹில்டகார்டு பெப்லாவ் எழுதிய நூல் இவ்வுறவைப் படிப்படியாக வளர்வதாக விளக்கியது: முதலில் அறிமுகம், பிறகு நம்பி இணைந்து செயல்படுதல், கடைசியில் விடைபெறுதல். விடைபெறுதலே எளிதில் மறக்கப்படுவது.

நடைமுறையில் இந்த உறவு சிறு செயல்களில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த முதியவர் மாத்திரையை மறுத்தால், தாதியிடம் அவர் கேட்கும் “மிஸ்ஸி, இது எதுக்கு?” என்ற கேள்விக்கு அவர் மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும், மறுப்பையும் காரணத்தையும் குறிப்பேட்டில் பதிய வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் வாதாடுவதும் தவறு, ஆமாம் போடுவதும் தவறு. அவருடைய பயத்தைக் கேட்டறிவதே முறை. பரிசு வாங்குவது, சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது ஆகியவை எல்லை மீறல்கள்.

இப்பணிக்குச் சட்ட வரம்பும் உண்டு: மலேசியாவில் தாதியர் பதிவை 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும், மனநோயாளியின் சேர்க்கை, சிகிச்சை, விடுவிப்பு ஆகியவற்றை 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் நெறிப்படுத்துகின்றன.