சீட்டுச் சுமந்த தமிழர்

ரயில்வே அலுவலில் காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்குச் சீட்டு என்பது மிக எளிய பொருள். பணத்தைப் பெற்றுக்கொண்டு சீட்டைக் கொடுக்கிறோம். பிரயாணி தாம் சேர வேண்டிய ஊரை அடைந்ததும் அதன் ஆயுள் முடிகிறது. ஆனால் தோட்டத்தைத் தாண்டி நடக்க ஒரு சீட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீதியில் செல்ல ஒரு சீட்டு, ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்குப் போக ஒரு சீட்டு, பிறந்த மண்ணிலேயே குடியிருக்க வேறொரு சீட்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சீட்டுகளைச் சுமந்த மக்கள் உண்டு. அவர்கள் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற நம்மவர்கள். நூறாண்டுக் காலம் அந்நாட்டுச் சட்டம் அவர்களை அந்நியர் என்றே கருதி வந்தது. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் அது நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தபோது அதில் 342 பேர் இருந்தனர். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி, ஒப்பந்த முறை நிறுத்தப்பட்ட 1911 வரையில் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டோர் 1,52,184 பேர் எனக் கணக்கு உள்ளது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய தமிழ் ஜில்லாக்களிலிருந்தும், வடக்கே தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் வந்த எளிய மக்கள் அவர்கள்.

நேட்டாலில் வெள்ளையர் கரும்பு பயிரிடத் தொடங்கியிருந்தனர். அந்நாட்டுப் பழங்குடிகளான சூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தமையால், பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைக்க அவர்கள் முன்வரவில்லை. எனவேதான் கடல் கடந்து ஆள் பிடிக்கும் முறை பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். உணவும் இருக்க இடமும் எஜமானர் பொறுப்பு. ‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ஏழைகளின் நாவில் ‘கிரிமிட்’ என்று மருவிற்று. எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காணப்பட்டவன் பிடிபட்டான், தண்டனையும் அடைந்தான். கொடிய எஜமானர்மீது புகார் சொல்வதற்காக அதிகாரியை நாடிச் சென்றவனும் சீட்டின்றிச் சென்றால் குற்றவாளியே ஆனான்! புகார் சொல்வதற்கு அப்புகாருக்கு உரியவரிடமே அனுமதி பெற வேண்டுமாம். இவ்விந்தையை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா?

கரும்புத் தோட்டத்தோடு அவர்கள் உழைப்பு நின்றுவிடவில்லை. தேயிலைத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை ஆகிய எல்லாவற்றிலும் நம்மவர் கை பட்டது. டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26ஆம் நாள். ‘ட்ரூரோ’ வருவதற்கு ஐந்து மாதம்கூட முற்படாத செய்தி இது. பின்னர் 1877இல் சர்க்கார் ரயில்வேயைத் தாமே மேற்கொண்டு, மலைகளைக் குடைந்து உள்நாட்டுக்குப் பாதை போட்டபோது, ஒப்பந்தக் கூலிகளைப் பெருந்தொகையாக வைத்திருந்த எஜமானர்களுள் அந்த ரயில்வேயும் ஒன்றாயிற்று. 1880இல் பாதை மாரிட்ஸ்பர்க்கை எட்டியது. 1891இல் டிரான்ஸ்வால் எல்லையிலுள்ள சார்லஸ்டவுன் வரை நீண்டது. அப்பாதையைச் செப்பனிட்டுக் காத்த கூட்டங்களில் எத்தனை ராமசாமிகளும் முனுசாமிகளும் இருந்திருப்பார்கள்! ‘சாமி’ என்று முடியும் பெயர்களை ஓயாமல் கேட்ட வெள்ளையர், இந்தியர் அனைவரையுமே ‘சாமி’ என்று அழைக்கலாயினர். நம் நாட்டில் அச்சொல்லுக்குள்ள பொருள் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பின்னும் பலர் ஊர் திரும்பவில்லை. காய்கறி பயிரிட்டும், கூடையில் சுமந்து விற்றும், சிறு தொழில் செய்தும் அங்கேயே வேரூன்றினர். குஜராத்தி வணிகரும் தம் செலவில் கப்பலேறி வந்து கடை வைத்தனர். உழைப்புக்கு மட்டும் இந்தியன் வேண்டும், அயலானாக அருகில் வாழ வேண்டாம் என்பதே வெள்ளையர் எண்ணமாதலின், 1895இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாதவன் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்தி, இருப்பதற்குரிய அனுமதி பெற வேண்டும். 16 வயதான மகனுக்கும் 13 வயதான மகளுக்கும் தனித்தனி வரி உண்டு. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன் ஆயிற்று. குடும்பத் தலைவன் மாதம் 14 ஷில்லிங் பெறுகிறான் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு வருமானம் 8 பவுன் 8 ஷில்லிங். வருமானத்தை விஞ்சிய வரி! கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இத்தகைய பேரேடு இதுவரை கண்ணில் பட்டதில்லை.

1897இல் வந்த குடியேற்றச் சட்டம் இன்னும் நூதனமானது. புதிதாக வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறிய நம்மைப் போன்றோர் தட்டுத் தடுமாறியேனும் உள்ளே நுழைந்திருப்போம். நமக்கு இலக்கணம் கற்பித்த தமிழ்ப் பண்டிதர் அத்துறைமுகத்தில் எழுத்தறியாதவர் என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

இத்தகைய நாட்டில் 1893ஆம் ஆண்டு காந்தியடிகள் காலடி வைத்தார். முதல் வகுப்புச் சீட்டோடு டர்பனில் வண்டியேறிய அவரை, மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ஜூன் 7ஆம் நாள் இரவு இறக்கிவிட்டதும், குளிர்கால இரவில் அவர் தங்குமறையில் நடுங்கியபடி அமர்ந்திருந்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் அப்பிரயாணத்தின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. அந்நாளில் ரயில் சார்லஸ்டவுனோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வரையில் குதிரை வண்டிதான். அவ்வண்டியில் அடியும் வசவும் பட்டு ஜோகன்னஸ்பர்க் சேர்ந்தவர், பிரிட்டோரியாவுக்குச் செல்ல மீண்டும் முதல் வகுப்புச் சீட்டையே நாடினார். தாம் பாரிஸ்டர் என்றும், முதல் வகுப்பிலேயே பிரயாணம் செய்பவர் என்றும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னதாகவே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பிறகு நல்ல உடை அணிந்து சென்று, ஒரு தங்கப் பவுனைப் பலகைமேல் வைத்துச் சீட்டுக் கேட்டார்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஹாலந்து தேசத்தவர். அவர் புன்னகை புரிந்து, தாம் டிரான்ஸ்வால்காரர் அல்லர் என்று கூறி, காந்தியடிகளின் மனநிலையைத் தாம் உணர்வதாகச் சொன்னார். சீட்டும் தந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. வழியில் கார்டு வந்து மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னால், தம்மை அவ்விவகாரத்தில் இழுத்துவிடக் கூடாது என்றார். சீட்டுக் கொடுக்கும் பலகைக்கு இப்பாலிருந்து நோக்கும் நமக்கு அம்மனிதரின் உள்ளம் நன்றாகப் புலப்படுகிறது. நியாயம் தெரிகிறது, உத்தியோகமும் வேண்டியிருக்கிறது. அவரை நாம் குறை கூற மாட்டோம். அன்று அந்தப் பலகையில் அவ்வளவு செய்யத் துணிந்தோர் மிகச் சிலரே. அவர் அஞ்சியபடியே ஜெர்மிஸ்டன் ஸ்டேஷனில் கார்டு வந்து, மூன்றாம் வகுப்புக்குப் போ என்று விரலால் சுட்டினார். அறையில் உடனிருந்த ஆங்கிலேயப் பிரயாணி ஒருவர் கார்டைக் கண்டித்து, காந்தியடிகளை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்.

அடுத்த ஆண்டு, 1894இல், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள் டர்பனில் அவரைத் தேடி வந்தார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம், தலைப்பாகை கையில். எஜமானர் அடித்த அடி அது. வெள்ளையர் முன் செல்லும் கூலி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். காந்தியடிகளிடமும் அவ்வாறே வந்து நின்றார். அதைக் கட்டிக்கொள்ளும்படி காந்தியடிகள் சொன்னபோது அவர் தயங்கினாராம், பின்னர் கட்டிக்கொண்டார். வேறு எஜமானரிடம் அவர் மாற்றப்பட்ட செய்தி பரவியதும், ஒப்பந்தக் கூலிகள் பலர் காந்தியடிகளை நாடி வரத் தொடங்கினர்.

டிரான்ஸ்வாலில் நிலைமை வேறு. 1885ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமையை மறுத்ததோடு, ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே நிலம் வாங்கவும் தடை செய்தது. 1907இல் இந்தியர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டுப் பெற்று, கேட்டபோது காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதியின் மைதானத்தில், 2,000க்கு மேற்பட்ட சீட்டுகளைப் பெரிய இரும்புக் கொப்பரையில் இட்டு, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். இப்போரில் தம்பி நாயுடு முதலியோர் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். நாகப்பன் என்ற இளைஞர் சிறையில் கடுங்குளிரில் வேலை வாங்கப்பட்டு, நிமோனியா கண்டு, 1909 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார்.

நாராயணசாமியின் முடிவு நம் உள்ளத்தைவிட்டு அகலுவதில்லை. டிரான்ஸ்வால் சர்க்கார் அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர் மீண்டும் கப்பலேறித் திரும்பினார். டர்பனில் இறங்க விடவில்லை. கப்பல் தெற்கே சென்று வேறு துறைகளைத் தொட்டது. எங்கும் தரையில் கால் வைக்க அனுமதி இல்லை. போதிய ஆடையும் இன்றிக் கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் குளிரிலும் கிடந்து, 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். அக்கரை போர்த்துகீசியருடையது. அனுப்பிய நாடும் வேண்டாம், போக விரும்பிய நாடும் தராது என்று துறைதோறும் அலைந்த இப்பிரயாணத்துக்கு எந்த வகுப்புச் சீட்டு என்று எழுதுவது?

நாமும் பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்தவர்களே. இவ்வூர் மொழி நமக்குப் புதிது, உணவு புதிது, வீட்டுக்காரர் சிலரின் முகச்சுளிப்பும் நமக்குத் தெரியும். ஆயினும் இரண்டு இரவு ரயிலில் வந்து இறங்கிய நம்மை எந்த அதிகாரியும் மாகாண எல்லையில் நிறுத்திக் கைரேகை கேட்டதில்லை. நம் குறைகளைப் பேசும்போது இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் நலம்.

1913 மார்ச்சு மாதத்தில் கேப் நகர நீதிபதி ஸெர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத, பதிவும் செய்யப்படாத மணங்களை மணங்களல்ல என்று தள்ளியது. தாலி கட்டிக்கொண்ட மனைவி சட்டத்தின் முன் மனைவி அல்லள். அவள் மக்களுக்கும் உரிமை இல்லை. அதன் பின்னர்தான் நம் பெண்கள் போரில் இறங்கினார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே கொண்ட சிறு கூட்டம், அவர்களுள் பலர் கைக்குழந்தையுடன், டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்து நியூகாசில் சுரங்கப் பகுதிக்குச் சென்று, 3 பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு தொழிலாளரை வேண்டிற்று. சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் காந்தியடிகளுடன் டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகக் கடந்தார்கள்.

நான்கு நாள் நடந்து பால்பர் என்ற ஸ்டேஷனை அடைந்தபோது, அங்கே மூன்று ஸ்பெஷல் ரயில்கள் அவர்களுக்காகக் காத்து நின்றன. திருவிழாவுக்கும் பிரமுகர் வருகைக்கும் ஸ்பெஷல் விடுவதை நாம் அறிவோம். சீட்டின்றி நடந்து வந்தவர்களைப் பிடித்து, சீட்டின்றியே ஏற்றி, மீண்டும் சுரங்கத்துக்கு அனுப்புவதற்கு விடப்பட்ட ஸ்பெஷல் அவை. சுரங்கக் குடியிருப்புகளையே சிறையின் கிளைகள் என அறிவித்து, அங்கு வேலை செய்வதே தண்டனை என்றும் ஆக்கினார்கள். ஆயினும் கிளர்ச்சி நேட்டால் முழுவதும் பரவியது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது, மணங்களையும் ஏற்றது. அச்செய்தியைக் கேட்கத் தில்லையாடி வள்ளியம்மை இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அப்பெண், சிறையில் கண்ட சுரத்துடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறாவது வயதில் மறைந்தார். தில்லையாடி என்ற ஊரின் பெயராலேயே இன்றும் அவரை அழைக்கிறோம்.

மாகாணம் விட்டு மாகாணம் செல்லச் சீட்டு வேண்டும் என்ற விதி மட்டும் அத்துடன் ஒழியவில்லை. 1927 முதல் 1929 வரை இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அங்கிருந்து, டர்பனில் இந்தியர் கல்லூரி ஒன்று எழக் காரணமானார். 1950ஆம் ஆண்டு வட்டாரச் சட்டம், பாடுபட்டுக் கட்டிய வீடுகளையும் கோயில் சூழ்ந்த தெருக்களையும் விட்டு மக்களை வெளியேற்றியது. இந்தியர் அந்நாட்டின் நிலையான குடிகளே என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1961இல். ‘ட்ரூரோ’ வந்து ஓராண்டு மிகுந்த நூறாண்டு! மாகாணங்களிடையே செல்வதற்கான தடை 1975இல் பெரும்பாலும் தளர்ந்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்றிருந்த விதி 1980களின் நடுவில்தான் அகன்றது. 1994இல் நிறபேதமற்ற முதல் தேர்தலில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர்.

இனிக் கப்பல் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கப்பலிலும் வந்தவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். அவையே குடும்பப் பெயர்களாக இன்றும் டர்பனில் வழங்குகின்றன. குமாஸ்தாவின் பேனா எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. ஐந்தாம் தலைமுறைப் பேரப்பிள்ளைகள் பாட்டனாரின் எண்ணைத் தேடிப் பிடித்து, அதில் கண்ட கிராமத்தை நாடித் தமிழகம் வருகிறார்கள். கடல் கடந்த இந்தியர்க்கு நம் அரசாங்கம் வழங்கும் அட்டையைப் பெற விரும்புவோர், தம் மூதாதை இந்தியாவிலிருந்து வந்தவரே என்பதற்கு அத்தாட்சியாக, அந்தப் பட்டியலின் நகலைத்தான் விண்ணப்பத்தோடு இணைக்கிறார்கள்.