புட்டிப்பால்

புட்டிப்பால் என்பது தாய்ப்பால் கிடைக்காத, அல்லது போதாத கைக்குழந்தைக்குப் பால் பவுடரை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துப் புட்டியில் ஊட்டும் உணவு. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயதுக்கும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாயை இழந்த குழந்தை, தத்துக் குழந்தை, புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்ளும் தாயின் குழந்தை, போதிய பால் சுரக்காமல் எடை ஏறாத குழந்தை ஆகியோருக்குப் பால் பவுடர் தேவைப்படுகிறது. காலக்டோசீமியா என்னும் பிறவிக் குறைபாடு இருந்தால் தாய்ப்பாலும் ஆகாது. லாக்டோஸ் இல்லாத தனிவகைப் பவுடரைத்தான் தர வேண்டும்.

வரலாறு

ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1865இல் பசும்பால், கோதுமை மாவு, மால்ட் மாவு, பொட்டாசியம் பைகார்பனேட் ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தை உணவொன்றை உருவாக்கினார். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தம் பால்மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கலவை

பெரும்பாலான பவுடர்களுக்குப் பசும்பாலே மூலப்பொருள். பசும்பாலில் தாய்ப்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் உண்டு, உப்புகளும் கூடுதல். இவை பச்சிளம் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். இரும்புச்சத்தோ மிகக் குறைவு. ஆகவே புரதத்தையும் உப்பையும் குறைத்து, தாவர எண்ணெய், இரும்பு, வைட்டமின்கள் சேர்த்துப் பவுடர் தயாரிக்கிறார்கள். 100 மி.லி. கரைத்த பாலில் சுமார் 65 முதல் 70 கிலோகலோரி இருக்கும். ஒரு வயது நிறையும்வரை வெறும் பசும்பால் இதற்கு மாற்றாகாது.

தயாரிக்கும் முறை

சோப்பால் கை கழுவி, புட்டி, நிப்பிள், மூடி மூன்றையும் தனித்தனியே பிரித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு அவை நீரில் முழுக்க மூழ்கியிருக்க, 10 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். நிப்பிளின் உள்மடிப்பில் பழைய பால் படிந்து நிற்கும். நிப்பிளைத் திருப்பிப் போட்டுத் தேய்ப்பது அவசியம்.

டின்னில் அடைத்த பவுடர் கிருமி நீக்கப்பட்டதன்று. அதில் க்ரோனோபாக்டர், சால்மோனெல்லா கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. இதனால்தான் கொதித்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குமுன் பவுடரைக் கலக்கும்படி உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. புட்டியில் முதலில் நீரை ஊற்றி, சமதளத்தில் வைத்து, அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். பிறகு டின்னோடு வந்த கரண்டியால் பவுடரை அமுக்காமல், குவிக்காமல், தலைதட்டி அளந்து போட வேண்டும். பல பவுடர்களுக்கு 30 மி.லி. நீருக்கு ஒரு கரண்டி. எனினும் டின்னில் அச்சிட்ட அளவே இறுதி. கலக்கிய புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே தர வேண்டும்.

அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த பாலைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை குடித்து வைத்த மீதியை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

ஊட்டும் முறை

முதல் சில நாள்கள் கழிந்த பிறகு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 150 மி.லி. என்பது பொதுக்கணக்கு, 4 கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 600 மி.லி. ஆகும். விரல் சூப்புவதும் தலையைத் திருப்பி வாய் தேடுவதும் பசியின் அறிகுறிகள். தலை உயர்ந்திருக்க மடியில் ஏந்தி, நிப்பிள் நிறையப் பால் நிற்கும்படி புட்டியைச் சாய்த்து, இடையிடையே நிறுத்தி ஊட்ட வேண்டும். முடிந்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். புட்டியைத் தலையணையில் முட்டுக் கொடுத்து வைத்தால் பால் புரையேறும். காதில் சீழும் பிடிக்கலாம்.

தமிழகத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் மூக்குள்ள பாலாடை என்னும் சிறு ஊட்டுக் கிண்ணத்தைக் கழுவுவது புட்டியைவிட எளிது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்ட மருத்துவமனைகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அளவு பிசகினால்

டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பும் வரலாம். கெட்டியாகத் தந்தால் எடை கூடும் என்று பவுடரைக் கூட்டினால் மலச்சிக்கலும் நீரிழப்பும் ஏற்படும்.

சட்டம்

பால் பவுடர் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை 1981இல் ஏற்றது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் பால் பவுடர், பால் புட்டி, 2 வயதுக்குட்பட்டோருக்கான குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. பால் பவுடர் டின்னில் தாய் அல்லது குழந்தையின் படம் அச்சிடுவதும் குற்றம்.