கரிக்கோடும் கித்தாக் கொட்டையும்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் ஏன் தரையிலேயே கிடந்தன என்று கேட்டால், சட்டென்று வரும் பதில் வறுமை. பலகை வாங்கக் காசில்லை, அடுப்புக்கரியால் கோடு கிழித்தார்கள், மண்ணில் குழி தோண்டினார்கள், அவ்வளவுதான் என்பார்கள். கூலி சொற்பம் என்பது உண்மை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. ஆனால் வறுமை ஒன்றையே காரணமாக வைத்தால் ஊர்ப்பக்கத்துச் சான்று இடிக்கிறது. தமிழகத்தில் வசதியான வீட்டுத் திண்ணைகளிலும் தாயக்கட்டம் வரைந்துதான் ஆடினார்கள். கோயில்களின் கல்தளத்தில் யாரோ பொழுதுபோகச் செதுக்கிய ஆடுபுலிக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம். பணமிருந்தும் களத்தைக் கையால் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆகவே வேறு காரணம் தேட வேண்டும். களத்தை வரைகிறவர் ஆட்டத்தின் அளவையும் விதியையும் தன் கையில் வைத்துக்கொள்கிறார் என்பதே அந்தக் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பேர், கொஞ்ச நேரம் என்றால் ஐந்துக்கு ஐந்து. கூட்டம் சேர்ந்தால் ஏழுக்கு ஏழு. அச்சடித்த பலகை இப்படி வளையாது.

தமிழகத்திலிருந்து, ஆள் திரட்டிய கங்காணியோடு கப்பலேறியவர்கள் மூட்டையில் பல்லாங்குழிப் பலகையைச் சுமந்து வர வேண்டிய தேவையில்லை. விதி தலையில் இருந்தால் போதும். மற்றதைத் தோட்டம் தந்தது. 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் ஒரு தலைமுறைக்குள் கிந்தா, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கமெல்லாம் கித்தா எனப்படும் ரப்பர் காடானது. வெயில் காலத்தில் காய் பட்டென்று வெடித்து, காய்க்கு மூன்றாகக் கொட்டைகளைத் தூர எறியும். பழுப்பு உடம்பில் கரும்புள்ளி, வழவழப்பான ஓடு, காய்ந்தால் கைக்கு லேசு. குழிக்கு ஐந்து, பதினான்கு குழிக்கு எழுபது என்று பொறுக்க மரத்தடியில் கால்மணி நேரம் நின்றால் போதும். புளியங்கொட்டையைவிடப் பெரிது என்பதால் குழியைத்தான் அகலமாகத் தோண்ட வேண்டியிருக்கும். புளியங்கொட்டைக்கும் வேலை இருந்தது: ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளை காட்டிவிட்டால் அதுவே தாயக்கட்டை. ஒரு ரப்பர் கொட்டைமேல் இன்னொன்றை வைத்துக் கையால் ஓங்கி அடித்து, எது உடைகிறது என்று பார்க்கும் விளையாட்டுக்குக் களமே தேவையில்லை. அது மலாய்ப் பிள்ளைகளுக்கும் பொது.

இவை ஊரிலிருந்து வந்த ஆட்டங்கள், இதில் பேராக்கின் வரலாறு எங்கே என்று மறுக்கலாம். விதி ஊருடையதுதான். ஆனால் ஆடும் நேரத்தை வகுத்தது பால்வெட்டு. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, வெயில் ஏறுமுன் வெட்டு, பிறகு பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தால் பிற்பகல் ஓய்வு. மழை பிடித்தால் பால் கழுவிப் போய்விடும் என்பதால் வெட்டில்லை, வேலையில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை, பொழுது மட்டும் கையில். ஆட்டம் பகலுக்குரியதாக இருந்ததற்கு இன்னொரு காரணம் விளக்கின்மை. 1926இல் தொடங்கிய பேராக் நதி நீர்மின் நிறுவனம் 1928இல் மாலிம் நாவாரில் அனல்மின் நிலையத்தையும், 1930இல் செண்டரோ அணையையும் இயக்கியது. அந்த மின்சாரம் முதலில் தேடிப் போனது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் தோண்டும் கப்பல்களை. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு மின்சாரம் வெகுநாள் கழித்தே வந்தது. பல இடங்களில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடினால் உண்டு. இதே போன்ற ஆட்டமான மலாய் சொங்காக் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்தது: அதே இரண்டு வரிசைக் குழி, இரு முனையிலும் கூடுதலாக ஒரு ‘வீடு’. மரத்தில் செதுக்கிய சொங்காக் பலகை ஒரு ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். மண் குழியோ ஓரத்தில் இரண்டு தோண்டினால் பல்லாங்குழிக்கும் சொங்காக்குக்கும் பொருந்தும்.

சீட்டு விளையாட்டுகளுக்கு வீட்டிலேயே மின்னணு விரிப்பு செய்கிறவர்களை இந்த வரிசையில் வைப்பது மிகையாகத் தோன்றலாம். 1993இல் வெளிவந்த மேஜிக் போன்ற சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்கு அச்சடித்த விரிப்புகள் கடையில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் சிலர் துணிக்கு அடியில், சீட்டு வைக்கும் இடம் ஒவ்வொன்றிலும், செப்புக் கம்பிச் சுருளைப் பதிக்கிறார்கள். சீட்டுறையின் பின்னால் ஒட்டிய சிறு சில்லை அந்தச் சுருள் படிக்கும். எந்தச் சீட்டு எங்கே விழுந்தது என்று கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரியும். விளக்கு எரியும், ஆட்டக்காரரின் உயிர்ப்புள்ளி தானே குறையும். இரும்பு மேசைமேல் விரித்தால் சுருள் சரியாகப் படிக்காது. சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் குழம்பும். இதெல்லாம் தெரிந்தே செய்கிறவர் வறுமையால் செய்யவில்லை. அவர் மரத்தடியில் பொறுக்கவில்லை, விலைக்கு வாங்குகிறார் என்பது சரியான எதிர்வாதம்தான். ஆனால் அந்தப் பாகங்கள் பேராக்கின் ஈப்போவுக்கு அன்னியமல்ல. சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் கார்செம் ஆலை 1972 முதல் இந்த ஊரில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன காலத்தில், லயத்தை விட்டு வந்த பிள்ளைகளில் பலருக்கு மின்னணு ஆலைகளே அடுத்த பிழைப்பாயின. 

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்க முடியாது. கரிக்கோட்டில் தகராறு வந்தால் எல்லோரும் பேசித் தீர்க்கலாம், தவறிய கோட்டை யாரும் அழித்து வரையலாம். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு கொட்டை சேர்ந்தால் பசு. ஆனால் அந்தப் பசு யாருக்கு என்பதை ஆட்டம் தொடங்குமுன் பேசிக்கொண்டால் போதும். மின்னணு விரிப்பில் விதி நிரலுக்குள் போய்விடுகிறது. அதை எழுதியவர் இல்லாத மாலையில் மற்றவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஆட வேண்டும், அல்லது மின்கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் துணியாக விரித்துக்கொள்ள வேண்டும்.