ஒரு எழுத்துன்னா எது? % குறியும் _ குறியும் வந்த வழி

தரவுத்தளத்தில் லைக் போட்டுத் தேடாதவர்கள் குறைவு. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இதற்கு ரெண்டே வரிதான் இருக்கும். % என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். _ என்றால் சரியாக ஒரு எழுத்து. அவ்வளவுதான். படிக்க எளிது. ஆனால் கோப்பு தேடும்போது * போட்டுப் பழகிய கைக்கு இங்கே மட்டும் ஏன் %? அதைவிட முக்கியமாக, அந்த ரெண்டாவது வரியில் வரும் ‘ஒரு எழுத்து’ யாருடைய கணக்கு?

முதலில் நட்சத்திரத்தின் பூர்வீகம். 1951-இல் ஸ்டீபன் கிளீன் என்ற கணிதவியலாளர் ராண்ட் நிறுவனத்துக்காக ஒரு குறிப்பு எழுதினார். நரம்பு வலைகளைக் கணிதமாகப் பார்ப்பது அதன் பொருள். 1956-இல் அது அச்சில் வந்தது. ‘ஒரு தடவையும் வராமல் இருக்கலாம், பல தடவையும் வரலாம்’ என்ற கருத்துக்கு அவர் வைத்த குறிதான் நட்சத்திரம். 1968-இல் கென் தாம்சன் அதைத் தொகுப்பானில் தேடும் வழியாக மாற்றினார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று இன்றைக்கு நாம் சொல்வது அந்த வம்சம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். கிளீனின் நட்சத்திரம் தனியாக நிற்காது, தனக்கு முன்னால் இருப்பது எத்தனை தடவை வரலாம் என்று சொல்லும். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸில் குளோப் என்று ஒரு குட்டி நிரல் இருந்தது. கோப்புப் பெயரில் * வந்தால் அதை விரித்துக் கொடுப்பது அதன் வேலை. அங்கே நட்சத்திரம் தன்னந்தனியாக நின்று ‘எதுவானாலும் சரி’ என்றது. குறி ஒன்று, பொருள் ரெண்டு. குழப்பத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது. டிஜிட்டல் நிறுவனத்தின் கணினிகள், அப்புறம் சிபிஎம், அதன் வழியே டாஸ் என்று * குறியும் ? குறியும் மேசைக் கணினிக்கு வந்து சேர்ந்தன. டாஸில் இன்னொரு கூத்து: நட்சத்திரத்துக்குப் பிறகு பெயரில் என்ன எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. ‘A-வில் முடியும் கோப்புகள்’ என்று கேட்டால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டும்.

% வந்த பாதை வேறு. 1970-இல் எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். அதை ஆள்கள் பேசும் மொழிக்குப் பக்கத்தில் கொண்டுவர முயன்றவர்கள் ஐ.பி.எம்.மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். 1974-இல் அவர்கள் வெளியிட்ட சீக்வெல் கட்டுரை கணக்கர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள் போன்றவர்களை மனதில் வைத்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேள்வி கேட்கணும் என்பது நோக்கம். பாய்ஸ் அதே ஆண்டில் இளம் வயதிலேயே காலமானார். சீக்வெல்தான் பிறகு எஸ்கியூஎல் ஆனது. 1986-இல் அமெரிக்கத் தரநிலையாக வந்தபோது லைக்கும், கூடவே %, _ குறிகளும் அதற்குள் இருந்தன.

ஏன் * இல்லை? எஸ்கியூஎல்லில் அந்தக் குறி ஏற்கெனவே ரெண்டு வேலை பார்க்கிறது: பெருக்கல் ஒன்று, ‘எல்லா நெடுவரிசையும் கொடு’ இன்னொன்று. ? குறியும் ‘மதிப்பை அப்புறம் தருகிறேன்’ என்று இடம் பிடித்து வைக்கப் பயன்படுகிறது. மூன்றாவது சுமை வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். _ மட்டும் அருமையான தேர்வு என்பேன். கேள்வித்தாளில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்கமே தேவையில்லை.

1992-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வந்தபோது இந்த ரெண்டு குடும்பமும் ஒரே வீட்டில் குடியேறின. ஆக்சஸ் தன் பயனர்களுக்குப் பழகிய *, ? குறிகளையே லைக்கில் வைத்தது. பிறகு ஏடிஓ என்ற இணைப்பு வழியாக அதே தரவை வெளி நிரல்கள் கேட்கத் தொடங்கியபோது அந்த வழி தரநிலையின் %, _ குறிகளை எதிர்பார்த்தது. ஆக்சஸுக்குள் நூறு வரி தரும் வினவல், வெளியிலிருந்து போனால் பூஜ்யம் வரி தரும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. நட்சத்திரத்தை அது வெறும் நட்சத்திரமாகவே தேடி, ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிடும். இலக்கணப் பிழை என்றால் இயந்திரம் கத்தும், இது கத்தாது. கையேட்டில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே மௌனம் அனுமதி விஷயத்தில் ஆபத்தாகிறது. மைஎஸ்கியூஎல்லில் ஒரு பயனருக்கு ‘கடை_மதுரை’ என்ற தரவுத்தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் _ குறி ‘ஏதோ ஒரு எழுத்து’தான். ‘கடை1மதுரை’ என்று வேறொரு தரவுத்தளம் இருந்தால் அதுவும் அவருக்குத் திறந்துவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும் என்று கையேடு சொல்கிறதுதான், ஆனால் பெயரில் அடிக்கோடு வைப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்தி வரை போகிறார்கள்? ‘10%’ என்ற தள்ளுபடியைத் தேடினால் 100-ம் 1050-ம் வருவதும் இதே வகை. தரநிலை இதற்கு எஸ்கேப் என்று ஒரு சொல்லைத் தருகிறது, தப்பிக்கும் குறியை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ரெண்டும் பின்சாய்வுக் கோட்டைத் தாமாகவே ஏற்கும். ஆரக்கிளும் எஸ்கியூலைட்டும் நீங்கள் சொன்னால்தான் ஏற்கும்.

இனி அந்த ‘ஒரு எழுத்து’. ஆங்கிலத்தை வைத்து எழுதிய கையேட்டில் இது கேள்வியே இல்லை. தமிழுக்கு வந்தால் கதை மாறுகிறது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இல்லை. மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு இன்னொன்று, புள்ளிக்கு வேறொன்று. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, போஸ்ட்கிரெஸுக்கும் எஸ்கியூலைட்டுக்கும் ஐந்து. மூன்று கோடு போட்டால் கிடைக்காது, ஐந்து போடணும்.

‘கமல_’ என்று தேடிப் பாருங்கள். கமலா, கமலி, கமல் மூவரும் வருவார்கள். கமலம் வரமாட்டார். நம் எண்ணிக்கையில் கமலம்தான் நாலெழுத்து, அவர்தானே வந்திருக்க வேண்டும்! இயந்திரத்துக்கு ‘ம்’ ரெண்டு குறி, அதனால் அவர் வெளியே. கமலாவில் கோட்டை நிரப்பியது எழுத்தே இல்லை, ஒரு துணைக்கால். அதேபோல ‘%ல’ என்று முடிவைத் தேடினால் லா, லி, ல் எதுவும் வராது, அகர ‘ல’ மட்டும்தான்.

இன்னும் மோசமானது ‘கொ’. இதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக ரெண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. யூனிகோட் ரெண்டும் சமம் என்கிறது. லைக் பொதுவாக அந்தச் சமத்துவத்தைப் பார்ப்பதில்லை, குறி குறியாகத்தான் ஒப்பிடும். ஒரு வகையில் பதிவான கொடிமலர் இன்னொரு வகையில் தட்டியவருக்குக் கிடைக்கமாட்டார். பட்டியலில் பெயர் இருக்கும், தேடினால் ‘இல்லை’ என்று வரும். பேரேட்டில் விரல் வைத்துத் தேடிய காலத்தில் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு நார்மலைஸ் என்ற செயல்கூறு இருக்கிறது, ரெண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போதே ஒரு தடவை, தேடும் சொல்லுக்கு ஒரு தடவை என்று ரெண்டு பக்கமும் போடணும். அதைப் போட்ட பிறகும் கமலம் நாலெழுத்து ஆகமாட்டார். அவருக்கு ரெண்டு கோடு வேண்டும்.