இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

றேடியோ கரகரத்தால் நாங்கள் முதலில் ஏசுவது நிலையத்தைத்தான். ஆனால் இரைச்சல் மூன்று இடங்களில் பிறக்கலாம்: அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றர், இடையில் உள்ள வானம், எங்கள் கையிலுள்ள பெட்டி. இலங்கை வானொலியின் கதையில் மூன்றுமே உண்டு, உறவுகளே.

1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையில், எட்வேர்ட் ஹாப்பர் என்ற பொறியியலாளர் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டே அந்த ட்ரான்ஸ்மிற்றர் கட்டப்பட்டது. 1925 டிசெம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக எழுந்த ‘றேடியோ சியாக்’, 1949 இல் றேடியோ சிலோன் ஆனது. ஏக்கலவில் இருந்த 100 கிலோவாட் சிற்றலை ட்ரான்ஸ்மிற்றரும் அதனோடு வந்தது.

சிற்றலை வானின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தூரம் போகும். கூடவே ஏறி இறங்கும். அதனால் தூர தேச நேயர்கள் வெறுமனே ‘கேட்கிறது’ என்று எழுதாமல், ஐந்து இலக்கங்களில் அறிக்கை அனுப்பும் முறை வந்தது. அலையின் பலம், பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 55555 என்றால் மிகத் தெளிவு.

1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோதான் றேடியோவுக்கு உயிர் கொடுத்தது. செய்தி கேட்பது அன்று பொழுதுபோக்கு அல்ல. டைனமோ தருவது ஆடலோட்டம். டயோட்டும் கொண்டென்சரும் போட்டுச் சீராக்காவிட்டால் பெட்டி உறுமும். மிதிக்கும் வேகத்தோடு உறுமலும் மாறினால் பிழை எங்கள் பக்கத்தில், நிலையத்தில் அல்ல.

இன்றைய மென்பொருள் வானொலியிலும் சோதனை இதே தர்க்கம்தான். 2012 அளவில், ரீவி பார்க்கும் சின்ன யூஎஸ்பி கருவியையே பொது வானொலியாக்கலாம் என்று உலகம் அறிந்துகொண்டது. அதில் ஒரு ட்ரான்ஸ்மிற்றரின் அலையைப் பார்க்கிறோம். இருபக்கமும் அழுக்கு தெரிகிறது. உடனே குற்றம் சாட்டக்கூடாது. வரும் அலையை 10 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். அழுக்கு அசையாமல் நின்றால் அது பெட்டியின் சொந்த இரைச்சல். 10ஐ விட மிக அதிகமாக விழுந்தால் பெட்டி திணறியிருக்கிறது. சரியாக 10 மட்டும் குறைந்தால் ட்ரான்ஸ்மிற்றரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் வேறொரு நல்ல பெட்டியில் ஒத்துப்பார்த்த பிறகே முடிவு சொல்லவேண்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? எங்கள் பெரியவர்கள் அதை ஆய்வுகூடம் இல்லாமலே செய்தார்கள். டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். எந்தப் பெட்டி, எத்தனை டயோட், யார் மிதித்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்தத் தொழில்நுட்பம் எந்தப் பாடநூலிலும் இல்லை, அவர்களோடு போய்விடும்.