நாழியும் முத்தும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் செல்லும் தண்ணீர் லாரிகள் யாவும் லிட்டர் கணக்கே பேசுகின்றன. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்த பின்னர், பாலும் எண்ணெயும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. அதற்கு முன்னர் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. நாழியைப் படி என்பதும் வழக்கு. ஆழாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்குச் செவிடு என்று பெயர். இன்று அச்சொல்லைக் கேட்போருக்குக் காது கேளாமையே நினைவுக்கு வரும்! தொல்காப்பிய உரையில் இளம்பூரணர் காட்டும் தூதை, மண்டை, வட்டி முதலிய அளவைப் பெயர்களோ அகராதிக்குள் ஒதுங்கிவிட்டன.

இப்பெயர்களில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப்பட்டது. அரிசியை அளந்ததும் அதே உழக்குதான். நீர்மத்துக்கு ஒன்று, தானியத்துக்கு வேறொன்று என்ற பிரிவினை அன்று இல்லை.

அரபு மரபும் அவ்வாறே. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நான்கு முத்து ஒரு ஸாஉ. நோன்புப் பெருநாள் தர்மமாகப் பேரீச்சம்பழம் அளக்கப்பட்டதும் இந்த ஸாஉவினாலேயே.

ஸாஉ எட்டு ராத்தல் என்பது கூஃபாவினர் கருத்து. ராத்தலுக்கு அரபியில் ரத்ல் என்பர். அது கிரேக்க ‘லித்ரா’வின் வழிவந்தது. லிட்டரும் அதே வேரினதே என்பது வியப்புக்குரியது. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது, அங்குள்ளோர் தம் தந்தையர் வழி வந்த ஸாஉப் பாத்திரங்களைக் கொணர்ந்து காட்டினர். அளந்து பார்க்க, ஐந்தும் மூன்றில் ஒன்றுமாகிய ராத்தலே இருந்தது. அவர் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவின் அளவையை ஏற்றார் என்பது நூல்களில் காணப்படும் செய்தி. வாதத்தால் தீராதது பாத்திரத்தால் தீர்ந்தது.

“ஸாஉ எத்தனை கிலோ?” என்று நம் மாணவர்கள் கேட்கின்றனர். எந்தப் பொருளில் என்று கூறாதவரை அக்கேள்விக்கு விடையில்லை. ஸாஉ கொள்ளளவு, பொருளுக்குப் பொருள் அதன் எடை மாறும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைத்துள்ளார்கள். இன்றைய கணக்கீடுகளில் ஷாஃபிஈ மத்ஹபின் முத்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபீ முத்து ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆகவே பேரீச்சம்பழத்துக்கும் அரிசிக்கும் ஒரே எடையைச் சொல்லிவிடாமல், ஒவ்வொன்றையும் முதலில் அளந்து, அதன் பின்னரே நிறுத்தல் வேண்டும்.