புரொம் இரவும் வாடகைச் சாரதியும்

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை மாணவர், கல்வியாண்டின் இறுதியில், ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரையான வாரங்களில் ஓர் இரவு உடையலங்காரத்துடன் கூடி, விருந்துண்டு, நடனமாடிப் பிரிவர். அதற்குப் ‘புரொம்’ என்று பெயர். நமது பாடசாலைகளில் உயர்தர மாணவருக்குக் கீழ்வகுப்பினர் கேக்கும் வடையும் வைத்து நடத்தும் பிரியாவிடை வைபவத்தின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நமது தலைமுறை பிரியாவிடைக்குச் சைக்கிளிற் போய்ச் சைக்கிளில் வந்தது. புரொம் இரவுக்கோ, சீருடை அணிந்த சாரதியுடன் நீண்ட வாகனமொன்று வாசலுக்கு வரவேண்டும் என்பது பல ஆண்டுகளாக வழக்காகிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று முகம் சுளிப்போர் உளர். அந்த வாகனத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஆடம்பரம் பாதிக் கதையே. மறுபாதி, பெற்றோரின் மரண பயம்.

புரொம் என்பது ‘புரொமனேட்’ என்ற சொல்லின் சுருக்கம். நடனத்திற்கு முன் விருந்தினர் சோடி சோடியாக மண்டபத்துள் அணிவகுத்து வருவதை அது குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலக் கல்லூரிகளில் இந்த விருந்துகள் நடைபெற்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை உயர்நிலைப் பாடசாலைகளுக்கு இறங்கி வந்தன. நெடுங்காலம் அது பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் காகிதத் தோரணங்களின் கீழ் நடந்த எளிய நிகழ்ச்சிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய 1950களின் செழிப்பிலே அது ஹொட்டேல்களுக்கும் கிளப்புகளுக்கும் இடம்பெயர்ந்தது. மண்டபம் பாடசாலையை விட்டுத் தூரம் போனதும் வாகனம் இன்றியமையாததாயிற்று.

அந்நாளில் அந்த வாகனம் தகப்பனின் கார். பதினாறு வயதிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும் நாடு அது. மகன் காலையிலேயே காரைக் கழுவித் துடைத்து, மாலையில் தன் சோடியின் வீட்டுக்குப் போய், அவளது தாய் தகப்பன் முன்னிலையில் மணிக்கட்டு மலர்ச்செண்டை அணிவித்து அழைத்துச் செல்வான். சாரதியுடன் கூடிய லிமோசின் அப்போது செல்வந்தருக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் சனாதிபதிகளுக்கும் உரியது.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. லிமோசின் என்ற பெயர் பிரான்சின் லிமூசான் பிரதேசத்திலிருந்து வந்தது. ஆரம்பகால லிமோசின்களில் பயணிகளின் பகுதிக்கே முழு அடைப்பு இருந்தது. சாரதி மழையிலும் வெயிலிலும் வெளியே அமர்ந்திருந்தான். ‘ஷோபர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, சூடேற்றுபவன் என்பதே மூலப்பொருள். நீராவி இயந்திரத்தின் உலையில் தீ வளர்த்தவனின் பட்டம் காரோட்டிக்கு வந்து சேர்ந்தது. நாமோ காரோட்டியைச் ‘சாரதி’ என்கிறோம். பார்த்தனின் தேரைக் கண்ணன் செலுத்திய நாள்முதல் வரும் சொல்லை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் இன்றும் அனுமதிப்பத்திரத்தில் அச்சிட்டு வருகிறது. பயணிகளின் உயிர் தன் கையில் என்ற பொறுப்பு பிரெஞ்சுச் சொல்லைவிட நமது சொல்லிற் கனமாகவே தொனிக்கிறது.

காரை நடுவே வெட்டி நீட்டும் தொழிலுக்கும் தனி வரலாறு உண்டு. ஆர்கன்சோ மாநிலத்தின் போர்ட் ஸ்மித் நகரிலிருந்த ஆம்புரஸ்டர் நிறுவனம் 1928இல் இதனைத் தொடக்கியதாகக் கூறுவர். ஊர் ஊராகச் சென்ற பெரிய இசைக்குழுக்களையும் அவற்றின் வாத்தியங்களையும் ஒரே வாகனத்தில் ஏற்றுவதற்கே அவ்வண்டிகள் பெரிதும் பயன்பட்டன. கௌரவத்துக்காகப் பிறந்த பொருளன்று. இடப்பற்றாக்குறைக்குக் கண்ட பரிகாரம்.

பெற்றோரின் பயம் 1970களில் வளர்ந்தது. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய அரசியலமைப்புத் திருத்தம் 1971இல் நிறைவேறியதும், பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் 21இலிருந்து இறக்கின. புரொம் செல்லும் மாணவரிற் சிலருக்கே மது சட்டபூர்வமாயிற்று. விளைவு வீதிகளிலே தெரிந்தது. 1979இல் மெயின் மாநிலத்தில் பட்டமளிப்புக் காலத்தில் பல இளையோர் மதுவோடு தொடர்புடைய விபத்துக்களில் மாண்டனர். அதற்கடுத்த ஆண்டிலேயே அங்கு மது இல்லாத இரவு முழு விருந்தினைப் பெற்றோரும் பாடசாலையும் சேர்ந்து நடத்தினர். அந்த ஏற்பாடு பின்னர் நாடெங்கும் பரவியது. 1980 மே மாதம் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி குடிபோதையிற் காரோட்டியவனால் மோதிக் கொல்லப்பட்டாள். அவளது தாய் கண்டி லைட்னர் அதே ஆண்டில், குடிபோதையில் வாகனம் ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மாரின் இயக்கத்தைத் தொடங்கினார். 1981இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலன்ட் நகரில் ரொபர்ட் அனஸ்டாஸ் என்பவர் மாணவருக்கான அமைப்பொன்றை நிறுவினார். அவ்வமைப்பு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே எழுத்திலான உடன்படிக்கை ஒன்றை அறிமுகம் செய்தது. ஆபத்தான நிலையில் எந்நேரமும் வீட்டுக்கு அழைப்பேன் என்று பிள்ளை ஒப்பமிடும். அந்த இரவிலே வாதம் செய்யாமல் அழைத்துவருவேன் என்று பெற்றோர் ஒப்பமிடுவர். தகப்பன் பிள்ளையிடம் எழுத்தில் வாக்குக் கொடுப்பதை நமது வீடுகளிற் கற்பனை செய்து பாருங்கள். 1984இல் சனாதிபதி றேகன் ஒப்பமிட்ட சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பகுதியை வெட்டியது. 1988இற்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

இந்தப் பின்னணியிலேதான் வாடகை லிமோசின் புரொம் இரவின் வழக்கமாயிற்று. 1980களில் நீட்டிய கார்கள் பெருகின. எட்டுப் பத்துப் பிள்ளைகள் செலவைப் பங்கிட்டால் தலைக்கு விழும் தொகை தாங்கக்கூடியதாயிற்று. பிள்ளைகள் வாங்கியது பவுசு. பெற்றோர் வாங்கியது நிதானமான ஒரு சாரதியை. வழக்கமான ஒப்பந்தமும் இதையே காட்டும். வயதுவந்த ஒருவரே ஒப்பமிட வேண்டும். குறைந்தபட்ச மணித்தியாலங்கள், முற்பணம், எரிபொருட் கட்டணம், சாரதிக்கான ‘சந்தோஷம்’ என்பனவற்றோடு, வாகனத்தில் மது காணப்பட்டால் சாரதி பயணத்தை நிறுத்தலாம், பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் இருக்கும். ஓர் இரவுக்கு மட்டும் பெற்றோர் தமது அதிகாரத்தை அந்நியர் ஒருவரிடம் வாடகைக்கு ஒப்படைத்தனர் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால், சாரதியை மட்டுமே நினைத்து வாகனத்தை மறந்துவிட்டனர். தொழிற்சாலையிலிருந்து வரும் கார் மோதற் பரிசோதனைகளுக்கு உட்பட்டது. அதனை வேறொருவர் இரண்டாக வெட்டி, சட்டகத்தை நீட்டி, நீண்ட ஆசனங்களைப் பொருத்தும்போது எடை ஏறுகிறது. பிரேக்கின் சுமையும் ஏறுகிறது. நடுப்பகுதியில் எத்தனையோ பேர் இருந்தாலும் கதவுகள் சிலவே. பக்கவாட்டு ஆசனங்களில் ஆசனப் பட்டி இருந்தாலும் அணிவோர் குறைவு.

2013 மே 4ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சான் மற்றேயோ பாலத்தில் லிமோசின் ஒன்று தீப்பற்றியது. மணமகள் உட்பட ஐந்து பெண்கள் உள்ளேயே மாண்டனர். ஏனைய நால்வர் சாரதியின் பக்கமிருந்த சிறு திறப்பினூடாகத் தப்பினர். எட்டுப் பேருக்கு அனுமதி பெற்ற வாகனத்தில் ஒன்பது பேர் இருந்தனர். 2015 ஜூலையில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், வைன் தோட்டங்களைப் பார்த்துத் திரும்பிய பெண்களின் லிமோசின் வீதியில் திரும்பியபோது பிக்கப் வாகனம் மோதியதில் நால்வர் இறந்தனர்.

எல்லாவற்றிலும் கொடியது 2018 ஒக்டோபர் 6ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கோஹாரியில் நடந்தது. பிறந்தநாள் விருந்துக்குப் புறப்பட்ட 17 நண்பர்கள், குடித்துவிட்டுத் தாம் ஓட்டக்கூடாது என்பதற்காகவே வாகனத்தையும் சாரதியையும் வாடகைக்கு அமர்த்தியிருந்தனர். 2001இற் செய்யப்பட்டு நீட்டப்பட்ட அவ்வண்டி சரிவில் பிரேக் இழந்து பாய்ந்தது. பதினேழு பேரும், சாரதியும், அவ்விடத்தில் நின்ற இருவருமாக 20 பேர் மாண்டனர். அவர்கள் பிழையேதும் செய்யவில்லை; பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தியையே பின்பற்றினர். அந்த வாகனம் முந்திய மாதப் பரிசோதனையில் தவறி, ஓடக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்தது. சாரதியிடம் அவ்வகை வாகனத்துக்குரிய அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2020இல் நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டியதுடன் மாநிலத்தின் மேற்பார்வைத் தளர்வையும் சுட்டியது. 2023 மே மாதம் அதனை நடத்தியவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 5 முதல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சட்டங்கள் வழமைபோல் பிணங்களின் பின்னால் வந்தன. கலிபோர்னியா 2013இல் அவசர வெளியேறும் வழிகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. நியூயோர்க் 2020இல் ஆசனப் பட்டியையும் கடுமையான சாரதித் தகைமையையும் சட்டமாக்கியது. சந்தையும் மாறிவிட்டது. நீட்டுவதற்குப் பெரிதும் பயன்பட்ட லிங்கன் டவுன் காரின் கடைசி வண்டி 2011இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சென்ட் தோமஸ் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் நீட்டிய டவுன் கார்கள் ஆண்டுக்காண்டு முதுமை எய்துகின்றன. புரொம் பிள்ளைகளிற் பலர் வான்களுக்கும் சிறு பஸ்களுக்கும் மாறிவிட்டனர்.

ஒன்ராறியோ என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவர். ரொறன்ரோ தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரொம் பழகிய நிகழ்வு. 2000களில் பிரித்தானியப் பாடசாலைகளுக்கும் அது பரவியதால் இலண்டன் பிள்ளைகளும் அறிவர். பூப்புனித நீராட்டு விழாவுக்கும் திருமணத்துக்கும் நம்மவர் இதே லிமோசின்களை அமர்த்துகின்றனர். படம் எடுப்பவர் வாகனத்தின் நீளத்தைக் கவனிப்பார். வாடகை பேசும் தகப்பன் கேட்கவேண்டியவை வேறு: எத்தனை பேருக்கு அனுமதி, காப்புறுதி எதுவரை, கடைசிப் பரிசோதனை எப்போது, சாரதியின் அனுமதிப்பத்திரம் எந்த வகை. பிரித்தானியாவில் எட்டுக்கு மேற்பட்ட பயணி ஆசனங்கள் இருந்தால், பொதுப் பயணிகள் சேவைக்கான தனி அனுமதி வேண்டும். கலிபோர்னியாவில் நிறுவனத்தின் அனுமதி இலக்கம் வாகனத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முற்பணம் கொடுக்கும் முன் அந்த இலக்கத்தை எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.